வண்டி எண் இல்லாத சீட்டு

ராதாபுரத்துக்குத் தெற்கே, காற்றாலைகளுக்கு நடுவில்
எங்கள் எடைமேடை.
ஜல்லி லாரி ஏறும், நிற்கும்,
சிவப்பு எண்கள் துடித்துத் துடித்து அடங்கும்.
அந்த அடக்கத்துக்குக் காத்திருப்பதற்குத்தான்
ஆறு வருசம் சம்பளம் வாங்கினேன்.

அன்றைக்கு மேடையில் லாரி இல்லை.
மாசானமும் நானும்.

"சீட்டைத் திருத்துலே. நாலு டன்னு கொறச்சுப் போடு."
மாட்டேன் என்றேன்.
வீல் ஸ்பேனர் வலது மணிக்கட்டில் இறங்கியது.
அடுத்தது தோளில்.
தகட்டின் சூட்டில் கன்னம் பதிந்து கிடந்தபோது
ஜன்னலுக்கு உள்ளே உலகம்மாள்
பயத்தில் எந்தப் பொத்தானை அழுத்தினாளோ,
ஒரு சீட்டு அச்சாகி வந்தது.
வண்டி எண்: காலி.
சரக்கு: காலி.
எடை: 140 கிலோ.
நேரம்: மாலை 4.42.

வள்ளியூர் ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார்,
"கீழ விழுந்துட்டீங்களா?"
"ஆமா சார்" என்றார் கூட வந்த சூப்பர்வைசர்.
எலும்பு முறிந்ததைவிட
அதற்குமேல் பேசுவதுதான் வலித்தது:
"இல்ல சார். கூட வேலை பாக்குற ஆளு. ஸ்பேனர்.
வேலை நேரத்துல."
விபத்துப் பதிவேட்டில் அது ஏறும்வரை
அவர் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஸ்டேஷனில் புகார் ரசீதுக்கு மூன்று நடை.
டிப்ளமோ படித்தவன்
இடது பெருவிரலில் மை தடவிக்கொண்டேன்.

பாளையங்கோட்டையில், மருந்துக்கடை மாடியில்,
வக்கீல் ஜெசிந்தா.
எப்படி அடித்தான் என்று அவர் கேட்கவில்லை.
"எதுக்கு அடிச்சான்?"

அடித்ததற்கு அவன் மேல் வழக்கு, அது ஒரு வாசல்.
கைக்கும் போன கூலிக்கும் நிறுவனம், அது வேறு வாசல்.
வேலையால் வந்த அடி என்றால் இரண்டாவது திறக்கும்.
சொந்தப் பகை என்றால்
கேட்டுக்கு வெளியே நிறுத்திவிடுவார்கள்.
"முன்னாடியே மிரட்டுனானா?"
இரண்டு தடவை. மேனேஜரிடம் சொன்னேன்.
பாத்துக்கிடலாம் என்றார்.
"எழுதிக் குடுத்தீங்களா?"

மின்விசிறி மட்டும் பதில் சொல்லிக்கொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மேனேஜர் வீட்டுக்கே வந்தார்.
ஆப்பிள், கவரில் இருபத்தைந்தாயிரம்,
தட்டச்சு செய்த ஒரு தாள்:
'எங்களுக்குள் இருந்த கொடுக்கல் வாங்கல் தகராறில்…'

மூவாயிரம் கொடுத்திருந்தேன்தான்.
மாசானத்தின் மகளுக்குக் காதுகுத்து.
சித்திரையில் வாங்கியது, ஐப்பசி வரை வரவில்லை.
டீக்கடையில் ஒருநாள் நாலு பேர் முன்னால் கேட்டும்விட்டேன்.
எப்படியோ தோண்டி எடுத்திருக்கிறார்கள்,
பொய் என்று நான் சத்தியம் பண்ண முடியாத
ஒரு பொய்யை.

தூக்கம் வராத ராத்திரிகளில் எடை போட்டேன்.
மொத்த எடையில் வெற்று வண்டியைக் கழித்தால் சரக்கு.
அவன் கோபத்தில் என் மூவாயிரத்தைக் கழித்தேன்,
டீக்கடை அவமானத்தைக் கழித்தேன்,
யாருக்காக அந்த நாலு டன் என்பதைக் கழிக்க
எனக்கு எண் தெரியவில்லை.
மிச்சம் நின்றது அவன் வாய்ச்சொல்தான்,
'சீட்டைத் திருத்துலே.'
கடனைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

தாளில் கையெழுத்துப் போடவில்லை.
ஆப்பிளை அம்மா திருப்பிக் கொடுத்துவிட்டாள்,
இரண்டு குறைந்திருந்தது.

உலகம்மாள் அந்தச் சீட்டை
டிபன் பாக்ஸ் மூடிக்குள் மடித்துக் கொண்டுவந்தாள்.
இன்னும் அங்கேதான் அவளுக்கு வேலை.
"கோர்ட்டுல என் பேரு வருமாண்ணே?"
வரும். வக்கீல் சொல்லிவிட்டார்.
அவளிடம் நான் இன்னும் சொல்லவில்லை.

சூட்டில் அச்சாகும் தாள்; எழுத்து மங்கிக்கொண்டே போகிறது.
பஸ் ஸ்டாண்டு ஜெராக்ஸ் கடையில் நாலு நகல் எடுத்தேன்.
கடைக்காரப் பையன் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.
"நூத்திநாப்பது கிலோவா? இது என்ன வண்டிண்ணே?"

"வண்டி இல்லப்பா" என்றேன்,
இடது கையால் சில்லறை பொறுக்கிக்கொண்டே.
"ரெண்டு ஆளு."